லிஃப்டின் லாக்கில் காய்ந்த சந்தனம்

அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கார் நிறுத்த ஷெட் கட்டினார், ஆனால் கார் வாங்கவில்லை. ஓடாத பழைய மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து பிரித்து மாட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. பிரிப்பது அவருக்கு நன்றாக வரும். திரும்ப மாட்டுவதற்குத்தான் நான். ஏழாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூர், நாமக்கல், எர்ணாகுளம் என்று எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. இந்த ஷெட்டில் மட்டும் எப்படியோ மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது என்று, மூடப்போகும் ஒரு பட்டறையிலிருந்து அவர் பழைய லிஃப்ட் ஒன்றை வாங்கி வந்தார். ஓர் ஆள் நீளத்துக்கு இரும்பு மேடை. அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடங்கும் கால்கள். ஓரத்தில் ஒரு பெடல். மிதிக்க மிதிக்க சிலிண்டரில் எண்ணெய் ஏறி, மேடை வண்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் எண்ணெயை நம்பக் கூடாது. அதற்காகவே அடியில் பல் வெட்டிய ஒரு சட்டமும், அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியும் உண்டு. அதை லாக் என்போம். மேடை ஏறும்போது கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி ‘டக், டக்’ என்று விழும். வேண்டிய உயரம் வந்ததும் எண்ணெயைக் கொஞ்சம் திறந்துவிட்டால், மேடை ஒரு விரல் இறங்கி லாக்கின் மேல் உட்காரும். அதற்குப் பிறகு கனம் முழுவதும் இரும்பின் மேல்.

எனக்கு அதைக் கண்டாலே பயம். நாமக்கல்லில் லாரி ஷெட்டில் இருந்தபோது, ஜாக்கியை மட்டும் நம்பி அச்சுக்கு அடியில் படுத்திருந்த ஒருவர் என்னிடம் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார். எடுத்துக்கொண்டு திரும்பினேன். லாரி ஒரு சாண் குட்டையாகியிருந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஸ்பேனரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் அந்த ஊரை விட்டுக் கிளம்பினேன்.

அதனால் இங்கே லிஃப்ட் வந்த அன்றே மேடைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு வேப்பங்கட்டை அறுத்து வைத்தேன். கொஞ்ச நாள் வைத்தோம். பிறகு லாக்தான் இருக்கிறதே என்றாகி, அந்தக் கட்டை சுவரோரம் போய், டீ குடிக்கும்போது நாங்கள் உட்காரும் பலகையாகிவிட்டது.

அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் ஆயுதபூஜை கிடையாது. “நீ ஷெட்டுல செஞ்சுக்க தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல. பொரிகடலை மட்டும் கொஞ்சம் கூடுதலா வாங்கு” என்றார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் செவ்வந்தி மாலை வாங்கி வந்தேன். ஸ்பேனர்களுக்கு ஆளுக்கொரு பொட்டு. லிஃப்டுக்கு மட்டும் கை தாராளமாகப் போனது. எனக்கு எங்கே பயம் அதிகமோ அங்கே சந்தனத்தை அப்பினேன். லாக்கின் பல்லிலும், கொக்கியிலும். மாலையையும் கொக்கியின் கைப்பிடியிலேயே சுற்றிக் கட்டினேன். இனி இது என்னைக் காப்பாற்றும் என்று நிம்மதியாக இருந்தது.

வைத்த பொட்டைத் துடைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவாக உதிர வேண்டும். பூ உதிர்ந்தது. மாலை கட்டிய நாரும் சந்தனமும் கிடந்தன. அடுத்த முறை வண்டி ஏற்றியபோது ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை. மரத்தில் தட்டுவது போல மந்தமாக ஏதோ கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தோம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவர் சர்ச்சிலிருந்து வந்து கைலிக்கு மாறினார். “இன்னிக்குப் பிரசங்கம் எம்புட்டு நேரம்ங்குற? போதகர் ஐயாவே கடியாரத்தப் பாத்தாரு” என்றார். கனமான வண்டி ஒன்று மேலே நின்றது. முன்சக்கரம் கிடுக்கியில், இரண்டு பக்கமும் பெல்ட். பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தோம். அதிலிருந்த ஒரு சின்ன இரும்பு வளையம் உருண்டு, கத்தரிக்கால்களுக்கு நடுவே போய் விழுந்தது.

“நான் எடுக்குறேன். நீ உன் வேலையப் பாரு” என்று அவர் மண்டிபோட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். தலையும் மேடைக்கு அடியில் போனது. நான் மறுபக்கம் இறுகிப்போன ஒரு நட்டை ஸ்பேனரால் இழுத்துக்கொண்டிருந்தேன். நட்டு விட்டுக்கொடுத்தது. அதே நேரத்தில் கீழே ஏதோ பொத்தென்று உடைந்தது. மேடை ஒரு விரல் இறங்கியது.

நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. சிலிண்டரில் ‘உஸ்’ என்று ஒரு மெல்லிய சத்தம். அதன் பழைய ரப்பர் சீல் எண்ணெயைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது.

எப்படிச் சுற்றி வந்தேன் என்று நினைவில்லை. பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, பூமி ஆடுது?”

“ஒண்ணுமில்லண்ணே. கைய வெளிய எடுங்க. மெதுவா.”

“இரு, விரல்ல தட்டுப்படுது.”

“அது கெடக்கட்டும்ண்ணே. தலைய மொதல்ல எடுங்க.”

என் குரலில் அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. தலையை இழுத்துக்கொண்டார். கை வரவில்லை. கால்கள் மடங்கி இடைவெளி குறுகியதில் முழங்கை சிக்கியிருந்தது.

“மாட்டுது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எறங்குதா?”

“ஏத்திக்கிட்டிருக்கேன்.”

இரண்டுமே உண்மை. ஒரு மிதிக்கு எவ்வளவு ஏறியதோ, காலைத் தூக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட அவ்வளவும் இறங்கியது. வேப்பங்கட்டை ஐந்து எட்டு வைக்கும் தூரத்தில் கிடந்தது. அதன் மேல் காலையில் குடித்த டீ டம்ளர்கூட இருந்தது. பெடலை விட்டுவிட்டு அங்கே போக முடியாது. பின்சக்கரம் இல்லாத வண்டி ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டியது. பெல்ட் விட்டுவிடுமோ என்று அதையும் பார்த்துக்கொண்டு, அவர் தோளையும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். என் வலது கையில் ஸ்பேனர் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதைக் கீழே போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நான் மிதியை நீளமாக வைக்காமல், காலைத் தூக்க நேரம் கொடுக்காமல், குட்டையாக வேகவேகமாக மிதித்துப் பார்த்தேன். மேடை அரை விரல் ஏறி நின்றது.

“இப்ப இழுங்க.”

தோல் உரிந்து கை வெளியே வந்தது. அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். நான் காலை எடுத்தேன். யாரும் தொடாமலே அந்த மேடை வண்டியோடு இறங்கி இறங்கி, கால்கள் முழுசாக மடங்கித் தரையைத் தொட்டது. முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளையம் எங்கோ நசுங்கும் சத்தம் கேட்டது.

அவருடைய மனைவி வாசலில் வந்து கையைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமையும் அந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழுங்க” என்று மருந்து எடுக்கப் போனார்.

மாலைக்குள் வண்டியை இறக்கிவிட்டு, வெறும் மேடையைத் தூக்கி, வேப்பங்கட்டையை முட்டுக்கொடுத்துக் குனிந்து பார்த்தோம். பல் இடுக்கில் சந்தனம் சிமெண்ட் போல இறுகியிருந்தது. நார் கொக்கியின் கீலில் சுற்றி, அதை முழுக்க விழவிடாமல் பிடித்திருந்தது. கொக்கி இத்தனை நாளும் சந்தனத்தின் மேல்தான் நின்றிருக்கிறது. நான் நட்டை இழுத்த ஆட்டத்தில் அது உடைந்தது.

“சத்தம் மாறுனது உனக்குக் கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுச்சுண்ணே. உங்களுக்கு?”

“கேட்டுச்சு. நீ போனப்புறம் குனிஞ்சும் பாத்தேன். உங்க சாமி காரியம், நான் சொரண்டினா உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன். நீ ஏன் விட்ட?”

“தொடச்சா குத்தமாயிரும்னு.”

கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “நம்ம ரெண்டு பேரும் அம்புட்டு நல்லவங்க தம்பி. போறது என் கைதான்.”

சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஸ்க்ரூடிரைவரை என்னிடமே நீட்டினார். நான் சுரண்டினேன். இறுகிக் கிடந்ததால் நேரம் பிடித்தது. சுரண்டியதைக் குப்பையில் கொட்ட மனம் வராமல், தாளில் மடித்து முருங்கை மரத்தடியில் போட்டேன். அந்த வாரமே சீல் மாற்றினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. பழக்கம் அப்படி. போகவில்லை. நான் போனால் அவர் தனியாகவே ஏற்றுவார், தனியாகவே கையை விடுவார். அந்தப் பயம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது மேடை ஏறும்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒவ்வொரு ‘டக்’கும் காதில் விழ வேண்டும். பிறகு கட்டை. பிறகுதான் கை. டீயை நின்றுகொண்டே குடிக்கிறோம். இவ்வளவும் செய்த பிறகும், அவர் ஒரு திருகை எடுக்க லேசாகக் குனிந்தால் போதும், என் கால் தானாகப் பெடலைத் தேடுகிறது.