பிக்கப்பை இறக்கச் சொன்ன சின்னதொரை

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மேனேஜர், சின்னதொரை அவர். எதைத் தொட்டாலும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். பதுளையில் என் கராஜுக்கு வந்து, பிக்கப்பின் பின்பக்கத்தை உயரம் குறைத்து இறக்க வேண்டும், ஆனால் ட்ரெயிலரும் இழுக்க வேண்டும் என்றார். ஸ்பிரிங் பட்டையைக் கழற்றினால் பாரம் தாங்காது. அதனால் ஒரு பட்டையையும் தொடாமல், அச்சுக்கும் அதன் கீழே இருந்த பட்டைகளுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து இறக்கிக் கொடுத்தேன்.

"இனி புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு வர லேசா ஏறுவாங்க, தொரை" என்றேன்.

"அவளுகளுக்குத்தான் ட்ரெயிலர் இருக்கே. இது என் நாய்க்கு. வயசாச்சு, பாய்ஞ்சு ஏற முடியல."

நாய் ஏறிற்று. சந்தோஷத்தில் எனக்குக் கை கொடுத்தார். கிரீஸைத் துடைக்காமலே பிடித்துக் குலுக்கினேன். அவர் கைக்குட்டையைத் தேடினார்.

வண்டி போனதும் நானும் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.