கௌரிப்பூவும் கண்வலிப்பூவும்

ஆடி மாதத்து முதல் தூறலில் நனைந்த கிளுவை இலையைக் கசக்கி முகர்ந்தால் பச்சை மாங்காய் நறுக்கிய வாசம் வரும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து ஜெயம்மா வீட்டுக்கும் நடுவே ஓடிய வேலி முழுக்க அந்தக் கிளுவைதான். எண்பதுகளின் நடுவில், மாரண்டஹள்ளிப் பக்கத்து எங்கள் கிராமத்தில், எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரிவதற்கு முன்பே அந்த வேலியைப் பார்த்து மாதம் சொல்லத் தெரியும். ஐப்பசி மழையில் முடக்கத்தான் ஏறிக் காற்றடைத்த காய்களைத் தொங்கவிடும், நாங்கள் அவற்றை ஒருவர் நெற்றியில் ஒருவர் அடித்து "டப்பு" விடுவோம். கோவைப்பழம் சிவந்து கிளிகள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனால் மார்கழி நெருங்கிவிட்டது என்று பொருள். தையில் வேலியடியில் பூளைப்பூ வெள்ளையாய் நிற்கும். பங்குனியில் எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாகிவிட, எருக்கு மட்டும் வெயிலோடு வழக்காடுவதுபோலப் பூத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் கன்னடம். அதனால் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பெயர் உண்டு. எங்களுக்கு எருக்கு என்றால் ஜெயம்மாவுக்கு "எக்க". எங்கள் நொச்சி அவருக்கு "லக்கி". என் அப்பாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, சந்தையில் விலை போகாத எந்தச் செடியையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கோ பெயர் இரண்டாக இருந்தால் செடியும் இரண்டுதான். முகம் ஒன்றுபோல இருந்தால் அக்கா தங்கையாக இருக்கும் என்று முடிவு செய்துகொள்வேன்.

அந்த வேலிக்கு ராணி என்றால் அது ஆடித் தூறலில் மண்ணைப் பிளந்து வரும் ஒரு கொடி. அதற்குப் பற்றிக்கொள்ளத் தனியாகக் கைகள் கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆவணியில் பூக்கும்போது பூ தலையைக் கவிழ்த்துக்கொள்ள, இதழ்கள் மட்டும் பின்னோக்கி வளைந்து மேலே எரியும். முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஜெயம்மா அதை "கௌரி ஹூவு" என்பார், நாங்கள் கௌரிப்பூ என்போம்.

ஜெயம்மாவுக்குத் தாய்வீடு ஆனேக்கல் பக்கம். கன்னடக்காரர்களுக்குக் கௌரி பண்டிகை என்றால் கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வளையலும் மஞ்சளும் வரும் நாள். பெற்றோர் போன பிறகு அண்ணன்மார் அதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாகத் தாய்வீட்டுக்குப் போனபோது அங்கே வேலியோரம் தோண்டிய ஒரு கிழங்கைத் துணியில் முடிந்து வந்து எங்கள் வேலியில் நட்டார். "நம்ம தவரு மனை இதுதாம்மா" என்று அந்தக் கொடியைக் காட்டுவார். தவரு மனை என்றால் தாய்வீடு. பண்டிகைக்கு அம்மனுக்குச் சாத்த அந்தப் பூ ஒன்று போதும் அவருக்கு.

என் அம்மா அந்தோணியம்மாளுக்கு அவர் அக்கா மாதிரி. நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் மாதா பிறந்தநாள் திருநாளும் கௌரி பண்டிகையும் சில நாட்கள் முன்பின்னாக வரும். ஒவ்வொரு வருடமும் ஜெயம்மா சில பூக்களைப் பறித்து வேலி இடுக்கில் நீட்டுவார், அம்மா அதை வீட்டு மாதா சுரூபத்தின் முன் வைத்துக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே செபமாலை சொல்வாள்.

இதே அம்மாதான் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றோரம் நடக்கும்போது முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். அங்கே "கண்ணுவலிப் பூ" பூத்துக் கிடக்கும், அதைப் பார்த்தாலே கண் வலி வரும் என்று இண்டூர்ப் பக்கத்து அவள் பிறந்த வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். "கீழ பார்த்து நடடி" என்று என் தலையையும் அமுக்குவாள். நான் விரலிடுக்கில் பார்ப்பேன். கௌரிப்பூவின் தங்கச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம் மாதா திருநாளுக்குப் பென்னாகரத்திலிருந்து அத்தை வந்தாள். என் தம்பி ஆரோக்கியத்துக்கு இரண்டு நாளாகக் கண் சிவந்து பீளை கட்டிக் கிடந்தது. அத்தை உள்ளே வந்து சிலுவை போடக் கையைத் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ அண்ணி! கண்ணுவலிப் பூவக் கொண்டாந்து மாதா முன்னால வச்சிருக்கீங்களே! பையன் கண்ணு ஏன் செவக்காது? யாரு குடுத்தா இத?"

அம்மா வேலிப் பக்கம் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. அப்பா கொடுவாளை எடுத்துக்கொண்டு போனார். ஜெயம்மா ஓடி வந்தார். "கடிபேடண்ணா! கடிபேட!" என்று இரண்டு கையையும் நீட்டிக் கத்தினார். கன்னடத்தில் கடி என்றால் வெட்டு, வெட்டாதே என்று கெஞ்சினார் அவர். கண்ணைத் திறக்க முடியாமல் உள்ளே கிடந்த தம்பி, "யாரும்மா கடிச்சா?" என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும். அப்பா கொடியை அடியோடு அறுத்து, பூவும் மொட்டுமாக இழுத்துக் குப்பைமேட்டில் போட்டார். வேண்டுமென்றே கொடுத்திருப்பாள் என்று அத்தை தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். ஜெயம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வருடம் கௌரி பண்டிகை மாதா திருநாளுக்குப் பிறகு வந்தது. இன்னும் சில நாட்களே இருந்தன.

அத்தை ஊருக்குப் போன மறுநாள் காலை, அப்பாவுக்குக் களி போட்டுக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள்.

"ஏங்க, வருசா வருசம் அந்தப் பூவத்தான வச்சி உத்துப் பார்த்துச் செபம் சொன்னேன். எனக்கு ஒரு நாளு வலிக்கலியே."

"பேரே கண்ணுவலிப் பூ. சும்மாவா வச்சாங்க?"

"பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்க 'மெட்ராஸ் ஐ'ன்னு வூட்டோட கிடக்குதுங்க. அதுங்க எல்லாம் ஜெயம்மக்கா வேலியப் பார்க்கவா வந்துச்சிங்க?"

அப்பா களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

பண்டிகையன்று விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினாள். "அந்தப் பூ எங்கெங்க இருக்குதுன்னு உனக்குத்தான் தெரியும், காட்டு" என்றாள். விரலிடுக்கில் பார்த்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கரட்டோரம் உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு கொடி ஏறி, பனியில் நனைந்து பூத்திருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். அம்மாவின் கை பழக்கத்தில் முந்தானையை முகத்துக்கு இழுத்தது. பெயர் தெரியாமல் பார்ப்பது வேறு, கண்ணுவலிப் பூ என்று தெரிந்து பார்ப்பது வேறு. அவள் பயந்தாள், அதை நான் பார்த்தேன். பிறகு முந்தானையைக் கீழே விட்டாள்.

வெகுநேரம் பார்த்தாள். "எங்கம்மா சாவற வரைக்கும் இத நிமிந்து பார்க்கவே இல்லடி" என்றாள்.

திரும்பி வந்து, அறுந்த கொடியின் காய்ந்த நுனிகள் இன்னும் கிளுவைக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றாள். ஒரு கையில் பூ, ஒரு கையில் முந்தின நாளே கடையில் வாங்கி வைத்திருந்த மஞ்சளும் கண்ணாடி வளையலும்.

"ஜெயம்மக்கா!"

கதவு திறக்கவில்லை.

"யக்கா, தவரு மனையிலேர்ந்து வந்திருக்கேன். வெளிய வாங்க."

கதவு திறந்தது. ஜெயம்மா பூவைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், பிறகு வேலி என்றும் பாராமல் கிளுவை முள்ளோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். இருவர் கையிலும் கீறல். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கௌரி பண்டிகைக்கும் வளையல் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று. கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. மறு ஆடியில் கொடி எழும்பியபோது, அது ஏறுவதற்கு அப்பாவே ஒரு குச்சி நட்டார்.

இப்போது அங்கே கிளுவை வேலி இல்லை. ஜெயம்மா காலமான பிறகு அவர் மகன் இடத்தை விற்றுவிட்டு ஓசூருக்குப் போனான். வாங்கியவர் காம்பவுண்டு சுவரின் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டியதில் கிழங்கும் போய்விட்டது. என் மகளுக்கு அந்தப் பூ பாடப்புத்தகத்தில் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், ஒரு மதிப்பெண் கேள்வி.

அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை முழுக்கப் போய்விட்டது. அன்றைக்கே சொன்னேனே என்று அத்தை இன்னமும் போனில் சொல்கிறாள், அம்மா சிரிக்கிறாள். போன ஆவணியில் ஊருக்குப் போகும் வழியில் ஒரு வேலியில் அந்தப் பூவைக் கண்டு, இறங்கிப் பறித்துக்கொண்டு போனேன். கையில் கொடுத்ததும் வளைந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் மூக்கை உறிஞ்சியதை வைத்து அழுவதைக் கண்டுபிடித்திருப்பாள்.

"என்னாத்துக்கு அழுவுற?" என்றாள். "வலிக்கறதுக்கு இனிமே கண்ணா இருக்குது? செவந்துடுச்சா, இன்னும் மஞ்சளா இருக்குதா, அதச் சொல்லு."