மாட்டுக்கொட்டிலுக்கு வந்த சீர்

ஒன்பது வயதில் நான் ஏசுநாதருக்குத் தாயாக இருந்திருக்கிறேன். யுத்த காலம், பஸ்களெல்லாம் கரியில் ஓடின. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் வேஷம் கிடைத்ததற்குக் காரணம் பக்தி அல்ல. அசையாமல் உட்காருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மரியாளுக்கு வசனமே கிடையாது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாடகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பொரியுருண்டையோடு என்னைப் பார்க்க வந்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அவனிடம் கதையைச் சொன்னேன். மாட்டுக்கொட்டிலில் பிள்ளை பிறந்ததற்கு உச்சுக்கொட்டினான். மூன்று ராஜாக்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கினார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது.

“போளம்னா என்னத்தா?”

“வாசனைப் பிசின்.”

“பச்சப்புள்ளைக்குப் பிசினா? சரி, பொறந்த வீட்டுல இருந்து யாரு வந்தா?”

“யாரும் வரலை.”

“அம்புட்டுத் தூரத்துல இருந்து ஊர்பேர் தெரியாதவக வந்திருக்காக. கூடப்பொறந்தவன் ஒருத்தன் வரலையா?”

அப்படி யாரும் கதையில் இல்லை என்றேன். சமாதானமாகாமலே பஸ் ஏறிப் போனான்.

லீவு விடும் நாள் காலையில் நாடகம். என்னை ஊருக்கு அழைத்துப்போக அண்ணனும் வந்திருந்தான். பெரிய வகுப்பு அக்காமார் மூவர் கரியால் மீசை வரைந்து, ஜரிகைத்தாள் கிரீடத்தோடு வந்து மண்டியிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலாவதாக ஒரு நிஜ மீசை மேடையேறியது. கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், வசம்பு வளையல், கறுப்பு அரைஞாண் கயிறு.

சபை கொல்லென்று சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தலைமையாசிரியையான வெள்ளைக்காரம்மா எழுந்து, “யார் இது?” என்று என்னைக் கேட்டார். மரியாள் பேசக்கூடாது என்ற விதி அப்போது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. யாரோ எவரோ என்பதுபோலப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புள்ளைக்குத் தாய்மாமனுங்க” என்று அண்ணனே சொன்னான்.

அந்தம்மா அவனையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தள்ளி நிற்கும்படி ராஜாக்களுக்குக் கைகாட்டினார். அண்ணன் பொம்மையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கையில் வளையலை மாட்டி, தாம்பாளத்தை என் முன்னால் வைத்தான். அதோடு இறங்கிப் போயிருக்கலாம். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து சபையைப் பார்த்து, “மருமகன்னாலும் சாமி சாமிதானுங்களே” என்றான். சிரித்த கூட்டமே கைதட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஸ்ஸில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். “அது மரப்பொம்மைண்ணே! அதுகூடவா உனக்குத் தெரியாது?”

“தெரியும்த்தா. பொம்மை பொம்மைதான். அத்தன பேருக்கு நடுவுல கைப்புள்ளையோட ஒத்தையில உக்காந்திருந்தது நீயில்ல?”

அவன் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. சீர் பொம்மைக்கு வந்தது என்றே நினைத்துக்கொண்டு, மேலூர் தாண்டும்வரை நான் அவனோடு பேசவில்லை.