டிக்கியில் கிடந்த ஆக்ஸில்

அறுபதுகளின் பின்பாதி. கொல்லிமலைக்குக் கார் ஏறும் சாலை வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியை அறப்பளீசுவரர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு சேலத்திலிருந்து என் காரில் கிளம்பினேன். அப்போது நான் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். இப்போது தொண்ணூறை நெருங்குகிறேன்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி செய்த வண்டி. பானெட் மேல் பித்தளைச் சேவல் ஒன்று நிற்கும். நான் வாங்கும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் பாசம் அதிகம் என்று மனைவி கேலி செய்வாள். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் அந்த வண்டி வைத்திருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஊரார் எங்களுக்கு வைத்த பெயர் ‘சேவல்காரர்கள்’.

எங்களுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒருவருடைய வண்டி இனி ஓடவே ஓடாது என்று ஆகிவிட்டால், அதைப் பிரித்து மற்றவர்கள் பாகங்களை எடுத்து வைத்துக்கொள்வோம். பிறகு யாருக்காவது ஒரு பாகம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் போஸ்ட்கார்டு போடுவார். வைத்திருப்பவர் மறுபேச்சில்லாமல் பஸ்ஸில் அனுப்பிவிட வேண்டும். ஒருவர் ஊர் வழியாகப் போனால் அவர் வீட்டுக்குள் போகாமல் தாண்டக் கூடாது என்பதும் வழக்கம்.

நான் இரண்டையும் மீறினேன்.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்று சொல்லும் பகுதியில், எங்களில் ஒருவர் இருந்தார். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர். மலையில் மிளகு பயிர் செய்துகொண்டு அங்கேயே குடியேறியவர். மாசி மாதம் அவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. பின் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஒடிந்துவிட்டது, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருந்தது. என்னிடம்தான் இருந்தது. ஒன்பது பேருக்கும் சேர்த்து அது ஒன்றே ஒன்று. நாளைக்கு என் வண்டிக்கே ஒடிந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். இல்லை என்று பதில் எழுதிவிட்டேன்.

மலை ஏறுகிறோமே என்ற பயத்தில் அன்று அந்த ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டேன். போகும்போது அவர் வீட்டருகே வேகம் குறைக்காமல் தாண்டினேன்.

தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில், ஒரு ஏற்றத்தில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த மலைக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

“என்னங்க சாமி, சேவலைக் கொழம்பு வெச்சுப்போட்டீங்களாட்ட!”

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மேல நம்ம சேவல்காரர் ஊடு இருக்குதுங்க. போறப்பவே சொல்லிப்போட்டுப் போறேன்” என்றார்.

“வேண்டாங்க. ஆறினாக் கெளம்பிரும்.”

“விசிறிக்குக் கீழ தண்ணி ஊத்துது, ஆறினாக் கெளம்பிருமாம்!” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பேளுக்குறிச்சிக்காரரே வந்துவிட்டார். ஒரு கையில் ஸ்பானர் பை, மறு கையில் ஒரு வாட்டர் பம்ப்.

“தண்ணி ஊத்துதுன்னு சொன்னானுங்க. பம்பாத்தான் இருக்குமுன்னு என் வண்டியிலருந்து கழட்டியே கொண்டாந்துட்டேன்.”

“அப்ப உங்க வண்டிக்கு?” என்று கேட்டாள் மனைவி.

“அது ஆக்ஸில் ஒடிஞ்சு மூணு மாசமாப் படுத்திருக்குதுங்க. சாருக்குக்கூட எழுதியிருந்தேனே. படுத்த சேவலுக்குத் தண்ணி எதுக்குங்க?”

நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பம்பு பொருந்தும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டுக்கு, தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். அதில் கிரீஸைத் தடவியபடியே என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஊட்டுக்காரிக்கு ஆடியில பிரசவமுங்க. மொதத் தடவை திடீர்னு வலி வந்து, டோலி கட்டித் தூக்கிட்டு எறங்கினோம். கொழந்தை தங்கலீங்க. இந்தத் தடவை வண்டி ஓடுனாப் போதும்னு பாக்கறேன், ஆக்ஸில் எங்கயும் சிக்க மாட்டேங்குது.”

“முன்னாடியே கீழ சேந்தமங்கலத்துல கொண்டுபோயி வெச்சுக்கலாமில்லீங்க?”

“அவ வந்தாத்தானே! ஆடு மாட்டை யார் பாக்கறதுங்கறா.”

பிறகு என்னிடம், “டிக்கியில கட்டிங் பிளேயர் இருக்குமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய் அவரை முந்திக்கொண்டேன். டிக்கியைத் திறந்தேன். சாக்கு கிடந்தது. அதைத் தூக்கி அவர் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். கட்டிங் பிளேயரை மட்டும் எடுத்துக்கொண்டு டிக்கியை மூடினேன்.

வண்டி கிளம்பியது. சாப்பிட்டுப் போகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்றேன்.

இறக்கத்தில் மனைவி கேட்டாள். “அந்தச் சாக்குல என்னங்க இருக்குது? ஏன் அப்படி ஓடினீங்க?”

மூன்று வளைவுகள் தாண்டினேன். பிறகு சாக்கில் இருப்பதைச் சொன்னேன்.

“வண்டியைத் திருப்புங்க” என்றாள்.

“இப்பப் போயி என்னன்னு சொல்லிக் குடுக்கறது?”

“உள்ளதைச் சொல்லிக் குடுங்க.”

நான் திருப்பவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், “நீங்க போய்க் குடுக்கறீங்களா, நான் போகட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துத்தான் போனேன். ஒரு பொய்க்கு அவ்வளவு இடைவெளி தேவைப்பட்டது. என் வண்டியிலிருந்து கழற்றிய அவருடைய பம்பையும் ஆக்ஸிலையும் பஸ்ஸில் சேந்தமங்கலம் வரை கொண்டுபோய், மலை பஸ் கண்டக்டரிடம் ஒப்படைத்தேன். மேலே போக முகமில்லை. கூடவே ஒரு கடிதம்: ‘ஈரோட்டில் பழைய இரும்புக் கடையில் தேடியபோது அகப்பட்டது.’

ஆடி முதல் வாரத்தில் அந்த வண்டியில்தான் அவர் மனைவி கீழே இறங்கினாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். சந்தோஷத்தில் அவர் மற்ற ஏழு பேருக்கும் போஸ்ட்கார்டு போட்டார். நான் ஊர் ஊராக அலைந்து ஆக்ஸில் தேடிப் பிடித்ததாக எழுதியிருந்தார். ஏழு பேரும் என்னைப் பாராட்டி எழுதினார்கள். நான் எல்லோருக்கும் பணிவாகப் பதில் போட்டேன்.

அதன்பின் வருடம் தவறாமல் மலையிலிருந்து பலாப்பழம் வந்தது. என் மனைவி இந்த விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பலாவில் ஒரு சுளைகூட அவள் வாயில் வைத்ததில்லை. அவள் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அவரும் போய்விட்டார். அவர் சாவுக்குப் போய்க் காலடியில் நின்றபோதுகூட என் வாய் திறக்கவில்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பார்; திட்டிவிட்டுச் சாப்பிட உட்காரச் சொல்லியிருப்பார்.

சேவல் வண்டிகள் இப்போது நான்குதான் மிச்சம். போன தை மாதம் சேலத்தில் கூடினோம். அந்த ஆடியில் பிறந்த மகளே தன் அப்பாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தி, “இந்தப் பெரியப்பா இல்லீன்னா நான் இல்லீங்க” என்று எல்லோர் முன்னிலும் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் மைக்கை வாங்கினேன். வாயில் வந்ததோ ‘நன்றி’ என்ற ஒரே சொல்.

அதனால்தான் எழுதுகிறேன். இது அச்சில் வந்தால் முதல் பிரதியை அவளுக்கு அனுப்புவேன். அந்த ஆக்ஸிலை மூன்றாம் நாளே விட்டுவிட்டேன். எனக்கு உரியதல்லாத அந்த நன்றியைத்தான் ஐம்பது வருடங்களுக்கும் மேலாக விடாமல் வைத்திருக்கிறேன்.