சட்டை ஜோசியரும் கத்துகிற எலும்பும்

சலவைக் கடைக்காரரைத் தெருவே சட்டை ஜோசியர் என்றுதான் கூப்பிடும். சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்லுவார். பையோரம் சிவப்பு மை கசிந்திருந்தால் கணக்கு வாத்தியார். முழங்கை பளபளத்தால் வங்கிக்காரர். துணிக்கு அடையாளச் சீட்டு குத்துவது அவருக்குத் தலைகுனிவு. "உன் புள்ள நெத்தியில பேர் எழுதி ஒட்டியா அடையாளம் கண்டுபிடிக்கிற?" என்று கேட்பார்.

அப்புறம் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "என்னைத் துவைக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

அதுகூடப் பரவாயில்லை. மறதி வந்ததுதான் வினை. பல் டாக்டரின் பேண்ட் நடன ஆசிரியருக்குப் போனது. அவர் அதையே போட்டுக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வந்து நியாயம் கேட்டார். தெரு சிரித்தது, ஜோசியரும் சேர்ந்து சிரித்தார். உள்ளே போய், மேசையில் கிடந்த ஒரு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடையது என்று பிடிபடவே இல்லை. அவருடைய சட்டைதான் அது.

கடையில் மெஷின் ஓட்டும் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கச்சேரி சீசன் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் துணி மாறுச்சுன்னா எல்லாத்துக்கும் சீட்டு. நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட்டா? அதைச் செத்தப்புறம் தாராளமா எடுத்துக்கறேனே."

அந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் எகிறியிருந்தது. டயாலிசிஸ் நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஐயா, பாஸ்பரஸுக்குக் கொடுத்த மாத்திரையை நீங்க சாப்பிடறீங்களா, பூந்தொட்டிக்குப் போடறீங்களா?"

"ஒரு வேளை தப்பல சிஸ்டர். சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுடறேன்."

"முன்னாடியா? யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கறையில முதல்ல மருந்தைத் தடவி ஊற விடணும். அப்புறம்தான் துணியை நனைக்கணும். தொழில் தெரிஞ்சவன்மா நான்."

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது கறை மருந்து இல்ல. சாயம் போற துணியோட ஒரு பழைய கைக்குட்டையைச் சேர்த்துப் போடுவீங்களே, கிளம்புற சாயத்தை அது குடிச்சுக்கும்னு? அந்தக் கைக்குட்டைதான் இது. சாப்பாட்டோட உள்ள போனாத்தான் அதுல இருக்கற பாஸ்பரஸைப் பிடிக்கும். நீங்க காலி மெஷின்ல கைக்குட்டையைச் சுத்த விட்டிருக்கீங்க."

"சரி, பிடிக்கலன்னா?"

"ரத்தத்துல ஏறும். உடனே எலும்பு ஒரு ஹார்மோனை அனுப்பும். 'இதை வெளிய தள்ளு'ன்னு சிறுநீரகத்துக்கு உத்தரவு. உங்க சிறுநீரகம்தான் செவிடாச்சே. அதனால எலும்பு இன்னும் சத்தமா கத்தும்."

"என் எலும்பா? நானே வீட்ல கத்தினதில்லையே."

"மாடிக்காரர் செவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்தினா, நடு வீட்ல பரீட்சைக்குப் படிக்கற பொண்ணு என்ன ஆவா? அந்தப் பொண்ணுதான் உங்க மூளை. ஆய்வுக்கூடத்துல மூளை செல்லு மேல அந்த ஹார்மோனை விட்டுப் பார்த்திருக்காங்க. செல்லோட கிளைங்க குறைவாத்தான் விரிஞ்சுதாம். மறதிக்கு அதுவும் ஒரு காரணமோன்னு சந்தேகம். நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பாஸ்பரஸ் குறைஞ்சா எலும்புக்கும் ரத்தக்குழாய்க்கும் எப்படியும் நல்லதுதான்."

அன்றிலிருந்து மாத்திரை சாப்பாட்டுக்கு நடுவே போனது. பாஸ்பரஸ் கலந்த கோலா பாட்டிலைக் கண்டால் சண்டைபோட்ட சம்பந்தியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதங்கள் போயின, பாஸ்பரஸ் இறங்கியது. மறதி மூடுபனியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. மாத்திரையா, கோலாவை விட்டதா, நல்ல தூக்கமா என்று யாருக்கும் தெரியாது. அவரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

கச்சேரி சீசன் வந்தது. இசைக்குழுவின் கோட்டுகள் மலையாகக் குவிந்தன. எல்லாம் கறுப்பு, ஒரே துணி, ஒரே தையல். மகள் காலருக்குள் ரகசியமாகச் சீட்டு குத்தியிருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

"காலரைத் திருப்பாம கொடுங்க. நான் சரிபார்க்கறேன்."

வாத்தியக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இடது தோள் தேய்ந்தது வயலின். அக்குளில் தையல் விட்டது டிரம்ஸ். "கொஞ்சம் மெதுவா அடிப்பா" என்று ஒரு குட்டும் வைத்தார். கோட்டுகள் பறந்தன. மகள் ஒவ்வொரு காலராகத் திருப்பித் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசியில் இரண்டு கோட்டுகள் மிஞ்சின. எதிரே அக்கா, தங்கை. இரண்டு பேரும் வயலின், ஒரே அளவு. ஜோசியரின் கை நின்றுவிட்டது. மகளின் விரல் காலரை நோக்கி நகர்ந்தது. பாவம், ஆள் தோற்பதைப் பார்க்க அவளுக்கே மனசில்லை.

"பொறும்மா."

கண்ணை மூடி, இரண்டு கோட்டுகளின் வலது கைகளையும் கட்டைவிரலால் நீவினார்.

"அக்காவுக்குக் கோபம் ஜாஸ்தி. வில்லை இழுக்கறதில்ல, அறுக்கறாங்க. முழங்கை மடிப்பு ஆழமா விழுந்திருக்கு. இந்தாங்க."

"அது உண்மைதான்" என்றாள் தங்கை, கேட்காமலே.

மகள் காலரைத் திருப்பினாள். பார்த்தாள். அப்படியே அழுக்குத்துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சரியா இருக்குப்பா."

கடை கைதட்டியது. டிரம்ஸ்காரர் மேசையில் தாளமே போட்டார்.

"கவுன்ட்டர் உங்களோடதுதான்" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "டயாலிசிஸ் நாள்ல மட்டும் நான் நிக்கறேன்."

"அன்னிக்கு உனக்குச் சீட்டு வேணுமே?"

"வேணும்."

"குத்திக்கோ. எல்லாருக்குமா ஜோசியம் வரும்?"

அன்று தெரு முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதிரே வந்த ஒவ்வொரு சட்டையையும் பார்த்து, அதன் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பேர்கூட மாறவில்லை.