யாழினி உட்காரவில்லை, ஆண்டவருக்கு நன்றி

கருவடிக்குப்பத்துக்குப் பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரே மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்க என்னால் ஆகவில்லை. எனக்கு இது புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன், கோழிக்கோட்டில் பரோட்டா போட்டேன், காரைக்காலில் விசைப்படகில் போனேன். சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் இருக்காது. அதைச் சொல்ல வரவில்லை. குருத்து ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை, அந்தப் பாதி வழியில் வந்த போனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி ரோசி அழுதுகொண்டே பேசினாள்.

"ஏங்க, வீடியோ புடிக்க வரேன்னு சொன்ன பொண்ணு வரலைங்க. கருவடிக்குப்பம் வந்துடுங்க. மேடம் இப்ப லைன்ல வந்துடுவாங்க."

ரோசி சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பை ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரி செல்போனுக்குள்தான் இருந்தது. பகலில் ஜவுளிக்கடை வேலை. விடிவதற்குள் எழுந்து, போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள். எல்லாப் பேப்பரும் பாஸ். செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. பேராசிரியர் மேடம் போனில் நேரலையாகப் பார்க்கும்போது ஒரு சிறப்புக் குழந்தைக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக் கொடுக்க வேண்டும். முதல் முறை தோற்றுவிட்டாள். இது இரண்டாவது, கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டம் இல்லை.

அந்தக் குழந்தை யாழினி. ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வராது. வேண்டியதைக் கேட்கவும் தெரியாது, கத்துவாள், இழுப்பாள். பாடம் இதுதான்: இறுக மூடிய டப்பாவில் பிஸ்கட் இருக்கும். அதைத் திறக்க வேண்டுமென்றால், 'திற' என்று படம் போட்ட அட்டையை எடுத்து ரோசி கையில் அவள் வைக்க வேண்டும். முதல் முறை அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. "உக்காரு, உக்காரு" என்று கெஞ்சியதிலேயே நேரம் முடிந்துவிட்டது.

ஓடினேன். வழியெல்லாம் ஒரே செபம். "சேசுவே, அந்தப் புள்ளைய உக்கார வையும். வேற எதுவும் வேணாம்."

கருவடிக்குப்பத்தில் யாழினி வீட்டு வாசலிலேயே அவள் அம்மா கமலா நின்றிருந்தார். போனை என் கையில் திணித்தாள் ரோசி. மேடம் லைனில் வந்துவிட்டார். ரோசி டப்பாவை நீட்டினாள். யாழினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தாள். சுவரோரமாக நடந்தாள். ரோசியின் முகம் வெளுத்துப்போனது. என் வாய் தானாகச் செபத்தை முணுமுணுத்தது.

போனுக்குள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது. "போன புடிச்சிருக்கிற ஐயா, கொஞ்சம் மெதுவா செபம் பண்ணுங்க. இங்க எனக்கு நீங்க மட்டும்தான் கேக்குறீங்க."

மைக் என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! செத்துவிடலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் கெஞ்சினேன். ஆண்டவரே, உட்கார வையும்.

அவள் உட்காரவில்லை. கதவைத் தாண்டி வெளியே ஓடினாள்! தெருவில் வண்டிகள் போகும். ரோசி பாய்ந்து போய் காம்பவுண்டு கேட்டைத் தாழ் போட்டாள். நானும் போனோடு பின்னால் ஓடினேன். யாழினி கேட்டைப் பிடித்து உலுக்கினாள், கத்தினாள். முடிந்தது என்றே நினைத்தேன்.

ரோசி கேட்டைப் பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். டப்பாவைத் தரையில் வைத்தாள். 'திற' அட்டையை மட்டும் எடுத்து யாழினிக்கு முன்னால் நீட்டினாள்.

"கமலாக்கா, கையப் புடிச்சி எடுக்க வைங்க."

கமலா மகளின் கையைப் பிடித்து அட்டையை எடுத்து ரோசி உள்ளங்கையில் வைத்தார். "திற!" என்று சொல்லி ரோசி கேட்டைத் திறந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பம் வரை நடந்துவிட்டுத் திரும்பினார்கள். மறுபடி தாழ். மறுபடி அட்டை. இந்தத் தடவை கமலா முழங்கையை மட்டும் தொட்டார். அடுத்த தடவை தொடவே இல்லை. யாழினி நின்றாள். கேட்டைப் பார்த்தாள். பிறகு, தானாக, அவளே, அட்டையை எடுத்து ரோசி கையில் வைத்தாள்!

"கேட்டுட்டா! கேட்டுட்டா!" என்று கமலா கத்திய கத்தலில் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார்.

"இன்னாம்மா, கேட்டு உடைஞ்சி போச்சா?"

"இல்லக்கா! எம்பொண்ணு கேட்டுட்டா! தொறன்னு கேட்டுட்டா!"

போனில் மேடம் கைதட்டினார். "பாஸ், ரோசி. ஐயா, நீங்க கேட்டது கெடைக்கலையேன்னு வருத்தப்படாதீங்க. புள்ள உக்காந்திருந்தா இது நடந்திருக்காது."

அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். போன் வானத்தைக் காட்டியதாம். பிறகு மேடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். என் ஆண்டவர் அன்றைக்கு நான் கேட்டதைத் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் கேட்டதைப் புரிந்துகொண்டு தந்தார். ரோசி இன்று பட்டம் வாங்கிய டீச்சர்! யாழினி இன்று பல அட்டைகளில் கேட்கிறாள்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அழுகை இருக்கலாம். சரியாகச் செபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தப்பாகவே கேளுங்கள். திருத்திக்கொள்வது அவர் வேலை.

அன்று மாலை நாங்கள் கிளம்பும்போது கமலா கேட்டார்: "அண்ணே, பாப்பாவோட ஸ்கூல் வேனுக்கு ஆள் தேடறாங்க. புள்ளைங்கள ஏத்தி எறக்கணும். போறீங்களா?"

"இவரா?" என்றாள் ரோசி. "ஒரு வாரம் தாங்கட்டும், மாதாவுக்கு மெழுவத்தி ஏத்தறேன்."

மறுநாள் காலை வேனில் ஏறினேன். ஒரு இடத்தில் நிற்கத் தேவையில்லாத வேலை. சம்பளமும் கொடுத்து ஊரைச் சுற்றச் சொல்கிறார்கள்! முதல் தெருவில் ஏறிய பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் இருக்கும் உப்பளம் போய்ச் சேரும்வரை விடவில்லை. நானும் விடுவிக்கவில்லை.