என் வீட்டுக்காரரின் தலைசுற்றல்

ஸ்ட்ரோக் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்குக் கை காலெல்லாம் சரியாயிடுச்சு. தலைசுற்றல் மட்டும் போகல. கழுத்தைத் திருப்பினா உலகமே சுத்துதுன்னு சொல்வார். வெளியே போனா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நேரா மட்டும்தான் பார்ப்பார்.

"மருந்தை நிறுத்தாதீங்க, கூடவே அக்குபங்சரும் செஞ்சு பாருங்க"ன்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதால, சில வாரமா ஒரு சீன டாக்டரம்மாகிட்ட போறோம்.

இன்னிக்குத் தலையில ஊசி குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். "ஸ்ட்ரோக்கையே தாங்கிட்டீங்க, இதுக்கா பயம் அங்கிள்?"ன்னு அவங்க மலாய்ல கேட்டுச் சிரிச்சாங்க.

வெளியே வந்து சூலியா தெருவைக் கடக்கணும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு காலை எடுத்து வச்சேன். சட்டுன்னு என் கையைப் பிடிச்சு இழுத்தார்.

"மோட்டார் சைக்கிள் வருது லா! பார்த்து நடக்க மாட்டியா?"

அவரே திரும்பிப் பார்த்திருக்கார்!

"தலை சுத்தலையா?"

"கொஞ்சம்தான். நிக்க முடியுது."

ரோட்டோரத்திலேயே நின்னு அழுதுட்டேன்.

ஊசியா, மருந்தா, தினமும் செய்ற பயிற்சியா, எது வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. ஏதோ ஒண்ணு செய்யுது.

வீடு வரைக்கும் காடி ஓட்டின என்கிட்ட, "லெஃப்ட் பாரு, ரைட் பாரு"ன்னு ஒரே அதிகாரம். அதை நிறுத்த எங்க ஊசி குத்தணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.